கைதட்டி நிறைவேறிய தீர்மானம்

தம்பி,

உன் படத்தைப் பார்த்தேன். நீ அனுப்பி நான் பார்க்கவில்லை. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் எல்லோரும் நின்று கதைத்துக்கொண்டிருக்கும்போது, ஜெசிந்தா அக்கா தன் கைத்தொலைபேசியை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, "இது உங்கட பெடியன் எல்லோ?" என்று கேட்டார். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நீதான். போன நத்தார்ப் பண்டிகைக்கு நான் வாங்கித் தந்த சாம்பல் நிறக் கோட், அப்பாவின் நெற்றி, என் மூக்கு. பக்கத்தில், வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பச் சொல்கிற அந்தக் கட்சியின் வேட்பாளர் உன் தோளில் கை போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். கீழே ஜேர்மன் மொழியில் பெரிய எழுத்தில், நான் உழைக்கிறேன், இந்த நாட்டை நேசிக்கிறேன், அதனால் இவர்களோடு நிற்கிறேன் என்று போட்டிருக்கிறது. வருகிற சனிக்கிழமை, நீ இருக்கிற எர்லாங்கனில் கூட்டமாம். நீ மேடையில் பேசப் போகிறாயாம். ஜெசிந்தா அக்காவிடம், "கோட் வடிவா இருக்கு, என்ன?" என்றேன். அவரும் பாவம், "ஓம் ஓம், நல்ல கோட்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே உன்னைக் கூப்பிட்டேன். நான் வாய் திறக்கும் முன்பே நீ தொடங்கிவிட்டாய். "அம்மா, அவை எங்களைச் சொல்லேல்லை. களவா வந்து, வேலையும் செய்யாம நிக்கிற ஆக்களைத்தான் அனுப்போணும் எண்டு சொல்லுகினம். நாங்கள் வேற." நான் கேட்டேன், "உன்ர அப்பா எப்பிடியடா வந்தவர்?" "அது வேற காலம் அம்மா." வேறு காலமாம். பிறகு நான் அடுத்ததைக் கேட்க முன்பே, "எனக்கு ஒரு டெர்மின் இருக்கு, ஒருத்தரைச் சந்திக்கோணும், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜேர்மனியில் யாருக்கடா டெர்மின்? பல் வைத்தியர்கூட நித்திரையாய் இருப்பான். அதனால்தான் எழுதுகிறேன். தொலைபேசியைப் போல இதை நடுவில் வைத்துவிட முடியாது. சனிக்கிழமைகளில் உன்னை அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் திரும்பவும் வாசி.

உன் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. ரயில் நேரத்துக்கு வருவதில்லை. நிலையத்தில் பூட்டி வைத்த சைக்கிளைக் கொண்டு போய்விட்டார்கள், பொலிஸ் ஒரு கடிதம் அனுப்பியதோடு வேலையை முடித்துக்கொண்டது. வீடு தேடி அலைந்தாய். உன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் வீடு போய்விட்டது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களிலும் சிலர் சனிக்கிழமை உனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், அதை இப்போது விடு. நத்தாருக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் நீ சொன்னாய்: "அம்மா, ஆர் எண்டாலும் பரவாயில்லை, ஒருத்தராவது வேலை செய்யட்டும்." எனக்கு அப்போதே சுருக்கென்றது. இந்த வசனத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். இங்கே கெல்சென்கிர்ச்சனில், நம்முடைய தமிழ்ச் சங்கத்தில், குலசிங்கம் வந்தபோது எல்லோரும் சொன்னது இதையேதான். நானும் சொன்னேன்.

குலசிங்கம் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அந்த நேரம் நீ ஹனோவரில் படித்துக்கொண்டிருந்தாய். நான் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் சிரிப்பாய். "வெறும் சங்கம்தானே அம்மா, ஒரு வடைக்கும் ஒரு மைக்குக்கும் சண்டை பிடிக்கிற இடம்." ஓம், அப்படித்தான் இருந்தது. அதுதான் அதில் இருந்த நல்ல விசயம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கூட்டம் தொடங்கினால் முடியாது. வாணிவிழாவுக்கு யார் சுண்டல், நத்தார் ஒளிவிழாவுக்கு யார் கேக், நாடகம் முதலிலா நடனம் முதலிலா என்று ஆளுக்கு ஆள் எழும்பிக் கத்துவார்கள். போன கூட்டத்தில் முடிவெடுத்ததை இந்தக் கூட்டத்தில் மாற்றுவார்கள். அப்பா வீட்டுக்கு வந்து தலைவலிக் குளிசை போடுவார். சைவக்காரர், வேதக்காரர், யாழ்ப்பாணத்தார், மன்னாரார் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருந்து சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும் விழுங்க முடியவில்லை.

ஒரு வருடம் பொங்கல் விழாவுக்கு மண்டபம் இல்லாமல் போய்விட்டது. தலைவர் மாநகரசபையில் பதிந்திருப்பார் என்று செயலாளர் நினைத்தார், செயலாளர் பதிந்திருப்பார் என்று தலைவர் நினைத்தார், இரண்டு பேரும் பதியவில்லை. பிள்ளைகள் மாதக்கணக்காக ஆடிப் பழகியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்து குலசிங்கம் எழும்பினார். அதுவரை யாரும் அவரைப் பெரிதாகக் கவனித்ததில்லை. வெளியே போய் ஒரு தொலைபேசி எடுத்தார். நல்ல ஜேர்மன் பேசுவார். திரும்பி வந்து, "மண்டபம் கிடைச்சிட்டுது" என்றார். தம்பி, அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். "இவ்வளவு நாளும் இந்த மனிசன் எங்க இருந்தவர்?" என்று நானே பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவர்தான் தலைவர். யாரும் எதிர்த்து நிற்கவில்லை. எதிர்த்து நின்றால் மரியாதை இல்லை என்று நினைக்கிற சனம் நாங்கள்.

அவருடைய முதல் வேலை கூட்டங்களைச் சுருக்கியது. எல்லோருக்கும் சந்தோசம். இரண்டாவது, வாக்கெடுப்பை நிறுத்தியது. சங்கத்துக்கு நீதிமன்றத்தில் பதிந்த யாப்பு இருக்கிறது, கை தூக்கி எண்ணவேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அவர் யாப்பை எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, தேன் மாதிரிக் குரலில் சொன்னார்: "கை தூக்கி எண்ணினா ஆர் எதிர் எண்டு தெரிஞ்சிடும். நாளைக்கு ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் பாக்கோணும். நாங்கள் ஒரு குடும்பமெல்லோ? எல்லாருக்கும் சம்மதம் எண்டா கையைத் தட்டுங்கோ." தட்டினோம். கை தட்டாமல் இருந்தால் பக்கத்துக் கதிரைக்காரர் திரும்பிப் பார்ப்பாரே. கை தூக்கினால் ஒரு கை இல்லாதது தெரியும். கை தட்டினால் எதுவும் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த வருடம் வேலை அதிகம் என்பதால் தேர்தலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பது என்ற தீர்மானமும் அப்படித்தான் நிறைவேறியது. குறிப்பில் 'ஏகமனதாக' என்று எழுதினார்கள். அடுத்த வருடமும் வேலை அதிகமாகத்தான் இருந்தது.

இனி அப்பாவின் கதைக்கு வருகிறேன். இதை உனக்கு எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது, எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே" என்றார். குலசிங்கம் ஒரு நாள் ஒரு பெட்டி மட்டன் ரோல்சோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணை, நீங்கள் இல்லாம என்ன சங்கம்? உங்கட ஆக்களுக்கு உங்களைத் தவிர ஆரைத் தெரியும்? உப தலைவரா வாங்கோ." எங்கட ஆக்கள் என்றால் வேதக்காரர், பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். அகதியாக வந்த காலம் தொட்டு யாருக்கு எந்த அரசாங்கக் கந்தோரில் என்ன அலுவல் என்றாலும் கூடப் போய் நிற்கிறவர் அப்பா. அவர் சொன்னால் பூசைக்கு வருகிற சனம் கேட்கும். குலசிங்கத்துக்கு அது தெரியும். அப்பாவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆளுக்குச் சந்தோசம் வந்தால் அப்படித்தான். விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்று அவர் போட்டிருந்த சேர்ட்டை நான்தான் இஸ்திரி போட்டேன். அப்பாவும் குலசிங்கமும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிற படத்தை உனக்கு அனுப்பினேன். நீ ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்பினாய்.

ஞாயிற்றுக்கிழமை உன் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் படம்தான். தோளில் கிடக்கிற கைகூட அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனமாக வாசி. சங்கத்துக்கு ஒரு எதிரி தேவைப்பட்டது. முதலில் குலசிங்கம் பக்கத்து நகரத்துச் சங்கத்தைச் சொன்னார். எங்கள் பிள்ளைகளை இழுக்கிறார்கள், எங்கள் மண்டபத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்றார். அந்தச் சங்கம் தன் பாட்டில் அங்கே சுண்டலுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. அது அலுத்ததும் மெல்ல மெல்ல உள்ளே பார்க்கத் தொடங்கினார்கள். ஒளிவிழாவுக்கு நேரம் போதாது, ஆண்டிறுதி ஒன்றுகூடலோடு சேர்த்துவிடுவோம் என்றார்கள். சேர்த்தார்கள். அடுத்த வருடம் ஒன்றுகூடலில் ஒளிவிழாவைக் காணவில்லை. பிறகு பொதுக்கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றினார்கள், அதுவும் தமிழ்ப் பூசை வைக்கிற ஞாயிறு. வேதக்காரர் வரக்கூடாது என்று எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தம்பி. "அந்த நேரம்தான் மண்டபம் கிடைச்சது" என்றார்கள். யாராவது குறைப்பட்டால் குலசிங்கத்தின் ஆட்கள் உடனே அப்பாவைக் காட்டினார்கள். "நாங்கள் வேதக்காரருக்கு எதிரெண்டா உவர் எப்பிடி உப தலைவரா இருக்கிறார்?" அப்பாவுக்கு அந்தச் சங்கத்தில் இருந்த ஒரே வேலை அதுதான். காட்டுவதற்கு இருந்தார்.

குலசிங்கத்தின் ஆட்கள் என்றேன். அவர்களும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. முதலில் விழாவுக்குக் கதிரை அடுக்க வந்த தொண்டர்கள். நல்ல பெடியள், எனக்கும் கதிரை இழுத்துப் போட்டுத் தந்தவர்கள். பிறகு கையில் பட்டி கட்டினார்கள். பிறகு வாசலில் நின்றார்கள். பிறகு யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்று அவர்கள்தான் சொன்னார்கள். எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர், எந்தப் பிள்ளைக்கு எந்த நடனம், எல்லாம் அவர்களில் ஒருவரைப் பிடித்தால்தான் நடந்தது. சங்கத்தின் வட்சப் குழுவில் அதுவரை நாள் முழுக்க வணக்கமும் பூவும் சண்டையும் வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் திறந்தால் எழுதுகிற இடமே இல்லை. நிர்வாகி மட்டும்தான் எழுதலாமாம். வீண் கதையைக் குறைக்கத்தானாம். எனக்குக்கூட, உண்மையைச் சொன்னால், அந்தப் பூப் படங்கள் நின்றது ஆறுதலாகத்தான் இருந்தது. இப்படித்தானடா ஒவ்வொன்றும் நடக்கும். எங்களுக்கு ஏற்கனவே எரிச்சல் தருகிற ஒன்றைப் பார்த்து எடுப்பார்கள். நாங்களும் அப்பாடா என்று விடுவோம்.

ஒரே ஒரு ஆள் எழும்பிக் கேட்டார். ஜெசிந்தா அக்கா. தலைவராக நிற்க விரும்புகிறவர் ஏற்கனவே நிர்வாகத்தில் இருந்திருக்க வேண்டும், நிர்வாகத்தில் சேர்வதற்குத் தலைவரின் சம்மதம் வேண்டும் என்று யாப்பைத் திருத்துகிற தீர்மானம் வந்தது. கையைத் தட்டுங்கோ என்றார் குலசிங்கம். தட்டல் ஓய்ந்த பிறகு ஜெசிந்தா அக்கா எழும்பி, "தம்பி, ஒருக்கா எண்ணுங்கோவன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குலசிங்கம் கோபப்படவில்லை. சிரித்தார். "அக்காவுக்கு எங்களில நம்பிக்கை இல்லைப்போல" என்று மைக்கில் சொன்னார். மண்டபம் சிரித்தது. அடுத்த விழாவில் ஜெசிந்தா அக்காவின் மகளின் நடனம் நேரமில்லை என்று வெட்டுப்பட்டது. சேலையும் நகையும் போட்டுக்கொண்டு வந்த பிள்ளை திரைக்குப் பின்னால் நின்று அழுதது. ஜெசிந்தா அக்காவுக்குக் கிட்ட ஒருவரும் இருக்கவில்லை. நானும் எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருக்கவில்லை. கடைசியில் அவரை அமைதிப்படுத்த யாரை அனுப்பினார்கள் தெரியுமா? உன் அப்பாவை. அப்பாவும் போய், "அக்கா, கொஞ்சம் பொறுங்கோ, நான் உள்ளுக்க இருந்து கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்தார். உள்ளுக்குள் இருந்து கதைத்தாரா என்று கேட்காதே. கதைக்கப் போன கூட்டங்களில் எல்லாம் அவருக்கு முதல் கோப்பை தேத்தண்ணி வந்தது.

கேட்டால் நீயும் அதைத்தான் சொல்லுவாய். "நான் உள்ளுக்க இருந்தா அவையின்ர போக்கை மாத்தலாம் அம்மா." உன்னை உள்ளே எடுத்தது போக்கை மாற்றவா? போக்கைப் பற்றி யாராவது கேட்டால் உன்னைக் காட்டவா? படித்த பிள்ளை நீ, மெசின்களுக்கு மூளை வைக்கிறவன். இந்தச் சின்னக் கணக்கு உனக்குத் தெரியவில்லையே என்றுதான் எனக்கு எரிச்சலாக வருகிறது.

அப்பாவின் கதை எப்படி முடிந்தது என்பது உனக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. பூசைச் சனம் கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கத்தை விட்டுப் போய்விட்டது. அவர்கள் இல்லாத பிறகு அவர்களுக்குக் காட்ட ஒரு ஆள் எதற்கு? ஒரு பொதுக்கூட்டத்தில் குலசிங்கம் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார். அப்பா சந்தோசமாகப் போனார். அவரைப் பற்றிக் கனநேரம் பேசினார்கள். மூத்தவர், வழிகாட்டி, சங்கத்தின் தூண் என்றார்கள். இரண்டாவது பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு குலசிங்கம், "அண்ணைக்கு இனி ஓய்வு குடுக்கவேண்டியது எங்கட கடமை. உப தலைவர் பதவியை அண்ணையோடயே நிறைவு செய்வம். எல்லாருக்கும் சம்மதம் எண்டா கையைத் தட்டுங்கோ" என்றார். மண்டபம் தட்டியது. நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னாடை ஒரு பக்கம் நழுவ, அதைத் தோளால் பிடித்துக்கொண்டு, உன் அப்பாவும் தட்டினார். தன்னை வெளியே அனுப்புகிற தீர்மானத்துக்குத் தானே கை தட்டினார், தம்பி. எல்லோரும் தட்டும்போது என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. காரில் வரும்போது பொன்னாடையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே, "நல்லாத்தான் பேசினவன், என்ன?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் சிவப்பு விளக்கைக் கவனிக்கவில்லை, அந்த அபராதக் கடிதம் பிறகு வீட்டுக்கு வந்தது.

இது வெறும் சங்கம், இது ஜேர்மனி, இங்கே அரசியலமைப்பு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது என்று நீ சொல்வாய். சங்கத்துக்கும் யாப்பு இருந்தது. யாரும் அதைக் கிழிக்கவில்லை. அதன்படியே திருத்தி, அதன்படியே பூட்டிக்கொண்டார்கள். ஜேர்மனியைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவனே நீதானே. பள்ளியில் சர்வாதிகாரம் வந்த அந்தக் காலத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, குசினி மேசையில் இருந்து, நான் மரக்கறி வெட்ட வெட்ட விளங்கப்படுத்துவாய். அந்த மனிதன் துப்பாக்கியோடு கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை அம்மா, மற்ற அரசியல்வாதிகள் தாங்களே கதவைத் திறந்து விட்டார்கள், அவரை வைத்துத் தங்கள் அலுவலைப் பார்த்துவிட்டுப் பிறகு அடக்கிவிடலாம் என்று நினைத்தார்கள் என்றாய். பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது, அவசர காலம் என்றார்கள், முதலில் ஒரு கட்சியின் ஆட்களைத்தான் பிடித்தார்கள், மற்றவர்கள் அது எங்களுக்கில்லை என்று இருந்தார்கள் என்றாய். எல்லா அதிகாரத்தையும் அவர் கையில் கொடுக்கிற சட்டம் வந்தபோது கத்தோலிக்கரின் கட்சியும் அதற்கு வாக்களித்தது, கோயிலையும் பள்ளிக்கூடங்களையும் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார் என்பதால், என்று சொன்னாய். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பிறகு?" என்று கேட்டேன். "பிறகு அந்த வருசமே அந்தக் கட்சியே இல்லை அம்மா" என்றாய். அந்தக் கால வதைமுகாமைப் பார்க்கப் பள்ளியில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்த அன்று நீ சாப்பிடவில்லை. புட்டும் மீன் குழம்பும், உனக்கு உயிர். அப்படியே இருந்தது. அந்தப் பிள்ளையை எங்கேயடா கொண்டுபோய் வைத்தாய்?

எங்கள் ஊரில் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அப்பாவுக்கு அது விருப்பமில்லை, எனக்கும் கை வராது. அரசாங்கம் ஒரு பக்கம். எங்கள் பெயரைச் சொல்லி எழும்பியவர்கள் இன்னொரு பக்கம். பல இயக்கமாக இருந்தவர்கள் ஒரே இயக்கமாக ஆனார்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காமல் இருக்கப் பழகினோம். அங்கேயும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் வந்து, "உங்களைச் சொல்லேல்லை, நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றுதான் சொன்னார். அந்த வசனத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய். இவ்வளவு தூரம் ஓடி வந்து பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைக்கவில்லை.

களவாக வந்தவர்கள் என்றாயே. உன் அப்பா கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ஒரு தோள்பையோடு மேற்குப் பக்கம் வந்தவர். கடவுச்சீட்டை மேற்குப் பக்க ரயில் நிலையக் கழிவறையில் கிழித்துப் போடச் சொன்னது, காசு வாங்கி ஆட்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரன். அதில் தன் படம் மட்டும் கிழிபடாமல் கையில் நின்றது என்று இப்போதும் சொல்லுவார். அன்ட்ராக், அதுதான் அகதி விண்ணப்பம், போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். அந்தக் காலத்தில் வேலை செய்ய விடவும் மாட்டார்கள், வேலை செய்யாமல் இருக்கிறான் என்று ஏசுவதையும் விடமாட்டார்கள். பிறகு உணவகத்தில் கோப்பை கழுவி, தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, முதுகு வளைந்து, உன்னைப் படிப்பித்தார். வேறு காலம் என்று நீ சொல்கிறாய். அதே எல்லை, அதே ஏஜென்சி, அதே பயம், ஆட்கள்தான் வேறு. அந்த மேடையில் யாரை அனுப்பவேண்டும் என்கிறார்களோ, அந்த ஆளின் வயதைக் கொஞ்சம் கூட்டிப் பார். காலையில் எழும்பிச் செய்தி போட்டுவிட்டு, அரைக் கண்ணில் நித்திரை கொள்கிற உன் அப்பா வருவார்.

சனிக்கிழமை போகாதே என்று நான் சொல்லலாம். சொன்னால் நீ கேட்கமாட்டாய். பிடிவாதத்தில் நீ என் பிள்ளை. அதனால் வேறு ஒன்று செய்யப் போகிறோம். நேற்று அப்பா குசினியில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், "பெடியன்ர கூட்டத்துக்குப் போவமோ?" உள்ளியை உரித்துக்கொண்டே சொன்னார், "ஓம், போவம். அவன் முதல்முதலா மேடையில பேசுறான், நாங்கள் போகாம ஆர் போறது?" இந்த மனிதனுக்கு இன்னும் புத்தி வரவில்லையே என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஆனா இந்த முறை நான் கை தட்டமாட்டன்" என்றார்.

ஆகவே வருகிறோம். ரயிலுக்கு இரண்டு இருக்கை பதிந்தாயிற்று, பிந்தினாலும் பரவாயில்லை, வெள்ளிக்கிழமையே வெளிக்கிடுகிறோம். முன்வரிசையில் எங்களுக்குக் கதிரை கேட்டு வை. யார் என்று கேட்டால் என் அப்பா, என் அம்மா என்று சொல். அப்பா எப்படி இந்த நாட்டுக்கு வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல். ஓம் என்பார்கள், எனக்குத் தெரியும். ஓடி வந்து அப்பாவின் தோளிலும் கை போட்டுப் படம் எடுக்கப் பார்ப்பார்கள். அவர் விடமாட்டார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உன் பேச்சைப் பேசு. உழைக்கிறேன் என்று சொல், நேசிக்கிறேன் என்று சொல். பிறகு உன் பக்கத்தில் நிற்கிறவர் மைக்கை வாங்கி, களவாய் வந்தவர்களை எல்லாம் அனுப்புவோம் என்று சொல்லுவார், மண்டபம் எழும்பி நின்று தட்டும். அப்போது கீழே பார், தம்பி. தட்டிப் பழகிய கை அப்பாவுடையது, தன் பாட்டில் எழும்பிவிடுமோ என்று அவருக்கே பயம். அதனால் இரண்டு கையையும் கோட் பைக்குள் போட்டுக்கொண்டு, கதிரையை விட்டு எழும்பாமல், உன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார்.

அம்மா